ஒரு கடைவாய்ப் பல்லும் ஃபே என்ற எழுத்தும்

ஊசி போட்டு, வாய் விறைக்கட்டும் என்று வெளியே வாங்குப் பலகையில் இருக்கவிட்ட மனிதர், நான் கூப்பிடுவதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

நான் வேறொருவரின் வாய்க்குள் கண்ணாடியை விட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர் வாசலோடு நின்றார். தலையில் வெள்ளைத் தொப்பி. இரண்டு விரலால் கீழ் உதட்டின் இடப்பக்கத்தைப் பிடித்து மெல்லக் கிள்ளிக்கொண்டிருந்தார். அழைக்காமல் உள்ளே வருகிற ஆள் அல்ல அவர். என்னிடம் வருகிறவர்களில் செருப்பைக் கழற்றிச் சோடியாக ஓரத்தில் வைப்பவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

"டொக்டர், நீங்க அண்டைக்குச் சொன்ன விறைப்பு இதுவா?"

"எது?"

"அந்தக் கடைசிப் பல்லைக் கழட்டினா உதடு விறைக்கலாம் எண்டு சொன்னீங்களே. அது இதுவா, வேறயா?"

"இதேதான். இதே மாதிரித்தான் இருக்கும்."

"இது எப்ப போகும்?"

"மத்தியானத்துக்குள்ள போயிடும். ஊசி மருந்துதானே."

"மற்றது?"

கதிரையில் இருந்தவரிடம் வாயை மூடிக்கொள்ளச் சொன்னேன். "மற்றது சிலவேளை போகும் மௌலவி. சிலவேளை போகாது."

"போகாதெண்டா?"

"போகவே போகாது. அப்பிடியே இருந்திடும்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் போடுகிறவரின் முகம். பிறகு, "அப்ப அந்தப் பல் இருக்கட்டும். நான் கழட்டல்ல," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் வாங்கில் போய் இருந்துகொண்டார்.

அன்றைக்கு அவர் வந்தது அந்தப் பல்லுக்கே அல்ல. அதே பக்கத்தில் வேறொரு பல்லில் ஒரு ஓட்டை. அதை அடைக்கத்தான் ஊசி போட்டிருந்தேன். ஆனால் அந்த ஊசிதான், நான் நாலு வசனத்தில் சொல்லியும் விளங்காத ஒன்றை அவருக்கு விளங்கப்படுத்தியிருந்தது.

ஒரே சொல், இரண்டு விறைப்பு

நஸீர் மௌலவி மன்னாருக்குத் தெற்கே கொண்டச்சிக்காரர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே மதரசாவில் ஓதி ஹாபிஸ் ஆனவர். அதாவது வேதம் முழுவதையும் மனப்பாடமாக ஓதக்கூடியவர். ஊர்ச்சனம் திரும்பியபோது அவரும் திரும்பினார். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் இரவுத் தராவீஹ் தொழுகையை முன்னின்று நடத்துவது அவர்தான். அந்த மாதம் முடிவதற்குள் தொடக்கத்தில் இருந்து கடைசிவரை ஓதி முடிக்க வேண்டும். பார்த்து ஓதுவது கிடையாது; நெஞ்சில் இருந்துதான்.

அவருடைய இடப்பக்கக் கீழ்த்தாடையில் ஞானப்பல் படுத்துக் கிடந்தது. முளைக்க இடம் இல்லாமல் முன்னுக்கு இருந்த பல்லில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. அதன் மேல் மூடியிருந்த முரசுச் சதை அடிக்கடி வீங்கும். வீங்கினால் வாய் திறபடாது. முதல் முறை என்னிடம் வந்தபோது அவருடைய வாய்க்குள் ஒரு தேக்கரண்டியைக்கூட விட முடியவில்லை. கூட வந்த மனைவி பௌசியாதான் எல்லாவற்றையும் பேசினார்.

"கஞ்சி மட்டும்தான் டொக்டர். அதையும் உறிஞ்சித்தான் குடிக்கிறார். விடியச் சுபஹுத் தொழுகைக்கு முன்னுக்கு நிண்டிட்டுப் பாதியில இன்னொருத்தர விட்டுட்டு வந்துட்டார். நோன்புக்க இப்பிடி வந்தா என்ன செய்யிற?"

அதுதான் பயம். நோன்பு வர அதிக காலம் இருக்கவில்லை. மருந்தில் வீக்கம் வற்றியது. வற்றிய பிறகு நான் விளக்கினேன்: பல்லை எடுக்க வேண்டும், ஆனால் அதன் வேருக்குக் கிட்ட உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது, அது நசிந்தால் அந்தப் பக்க உதடும் நாடியும் விறைக்கலாம்.

"விறைக்கத்தானே செய்யும். பரவாயில்ல டொக்டர்," என்றார் அவர் சிரித்துக்கொண்டு. பெரிய தைரியசாலி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் பல்லுக்கு வருகிற எல்லோருக்கும் தெரிந்த முதல் வார்த்தை 'விறைக்க ஊசி'. ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் அள்ளுகிறவனுக்கு விரல் விறைக்கும். மாதா கோயிலில் கனநேரம் முழங்காலில் நின்றால் கால் விறைக்கும். எல்லாம் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடும். எங்கள் பேச்சில் விறைப்பு என்பது வந்து போகிற விருந்தாளி. வந்தால் போகாமலே தங்கிவிடுகிற ஒன்றுக்கும் அதே சொல்லைத்தான் நாங்கள் வைத்திருக்கிறோம். யாரும் அதைத் தனியாகப் பிரித்துப் பேர் வைக்கவில்லை, தேவைப்பட்டிருக்காது.

யன்னலில் காய்ந்த படங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

நான் வேலைக்கு வந்த புதிதில் பல்லுக்குப் படம் எடுப்பது என்றால் அது ஒரு சமையல். தபால்முத்திரையைவிடக் கொஞ்சம் பெரிய பிலிம். அதை நோயாளியின் வாய்க்குள் வைத்து, அவருடைய விரலாலேயே பிடித்துக்கொள்ளச் சொல்வோம். அரைவாசிப் பேருக்குக் குமட்டிச் சத்தி வரும். எடுத்த பிலிமைக் கொண்டுபோய், யன்னலுக்குக் கறுப்புச் சீலை அடித்த ஒரு சிறிய அறையில், சிவப்பு பல்ப் வெளிச்சத்தில் இரண்டு மருந்துத் தண்ணீரில் கழுவ வேண்டும். முதல் தண்ணீர் படத்தை வரவைக்கும், இரண்டாவது நிற்கவைக்கும். அந்த மருந்து வாசம் கையில் ஒட்டினால் சோறு தின்னும்போதும் மணக்கும்.

பிறகு அதை யன்னல் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். மன்னார்க் காற்றுக்கு ஈரமான எதையும் பிடிக்காது, உடனே காய்ந்துவிடும். ஆனால் காய்வதற்குள் அந்தக் காற்று கொண்டுவரும் மணல் ஒட்டிவிடும். பல்லில் சொத்தையா, படத்தில் மணலா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளாங்குளத்தில் இருந்து பஸ்ஸில் வந்த ஒருவரின் படம் கழுவும்போது மின்சாரம் போனது. யாரோ பதறிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்கள். வெளிச்சம் பட்டுப் படம் முழுக்கக் கறுத்தது. இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது அந்த மனிதர் பிலிமை வாங்கிப் பார்த்து, "என்ர பல்லு அவ்வளவுக்கா பழுதாப் போச்சு?" என்றார். அவரைத் தேற்றுவதற்கே எனக்குப் பாதிக் காலை போய்விட்டது.

அந்தப் படங்களை நான் குறை சொல்லவில்லை. அவற்றை வைத்துத்தான் ஆயிரக்கணக்கான பற்களைக் காப்பாற்றினோம், பிடுங்கினோம். ஆனால் அது நிழல். நிழலைப் பார்த்து ஆளைச் சொல்லுகிற வேலை.

கண் பல்

பிறகு முழுத்தாடைப் படம் வந்தது. இயந்திரம் முகத்தின் முன்னால் ஒரு அரைவட்டம் போகும். இரண்டு தாடையும் ஒரே நீளப் படத்தில் விரிந்து கிடக்கும். இதை வைத்து நான் ஒரு பெரிய மூடநம்பிக்கையை ஒழித்துவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் மேல்வாயில் கூராக இருக்கும் பல்லைக் கண் பல் என்பார்கள். அதைப் பிடுங்கினால் கண் போய்விடும். எத்தனை பேர் அழுகிப்போன பல்லை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணுக்காகப் பொறுத்திருக்கிறார்கள் தெரியுமா?

என் ஊரான பேசாலையில் கிழிந்த வலை பொத்துகிற ஒரு பெண், என் தாய்வழியில் தூரத்துச் சொந்தம். நைலோன் நூலைப் பல்லால் கடித்தே அறுத்து, முன்பல் இரண்டிலும் சின்னக் கீறு விழுந்திருக்கும். அவவின் கண் பல்லில் சீழ் கட்டியிருந்தது. நான் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இந்தாங்கோ அக்கா, இதுதான் பல்லு. இது வேர். இந்தா மேல தெரியுதே, இதுதான் கண்ணின்ர கீழ் விளிம்பு. எவ்வளவு தூரம் இருக்கு பாருங்கோ," என்றேன்.

அக்கா படத்தைக் கையில் வாங்கி, இரண்டு விரலை வைத்து அளந்தார். முகம் வெளிறியது.

"மாதாவே! இவ்வளவு கிட்டவாடி இருக்கு? ஆக்கள் சொன்னது உண்மைதான்!"

படம் உண்மையைத்தான் காட்டும். அதைப் பார்க்கிற கண் வேறு கணக்கு வைத்திருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அவவை நான் சம்மதிக்கவைத்த கதை நீளமானது. சுருக்கமாகச் சொன்னால், சீழ் என்னைவிட நன்றாகப் பேசியது.

பாலத்தால் வரேக்க

நஸீர் மௌலவிக்கும் அந்த நீளப் படம்தான் எடுத்திருந்தோம். அதில் மூன்று விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. நரம்பு போகிற குழாய்க்கு மேலும் கீழும் இரண்டு வெள்ளைக் கோடு இருக்கும். வேர் அதைத் தொடும் இடத்தில் அந்தக் கோடு அழிந்திருந்தது. வேர் அந்த இடத்தில் கறுத்துத் தெரிந்தது. குழாயும் கொஞ்சம் நெளிந்திருந்தது.

இந்த மூன்றும் எச்சரிக்கை. ஆனால் எச்சரிக்கைக்கு மேல் ஒன்றும் இல்லை. குழாய் வேருக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா, தொட்டுக்கொண்டு போகிறதா, நடுவால் போகிறதா? தட்டைப் படம் வாயைத் திறக்காது. அதை நம்பிக் கைவைப்பதும் விடுவதும் வைத்தியரின் சுபாவத்தைப் பொறுத்தது. நான் பயந்த சுபாவம்.

ஊசி போட்ட அன்றைக்கு, மௌலவியுடைய ஓட்டையை அடைத்து முடித்து, கடைசி நோயாளியும் போன பிறகு இதைச் சொன்னேன்.

"நீங்கள் மன்னார்ப் பாலத்தால வரேக்க, தீவுப் பக்கம் காற்றாலைகள் நிக்குது, கண்டிருப்பீங்கள்தானே?"

"ஓம்."

"ஒரு இடத்தில ரெண்டு கோபுரம் ஒண்டாத் தெரியும். செட்டை ரெண்டும் முட்டப்போற மாதிரி இருக்கும். பஸ் கொஞ்சம் தள்ளிப் போனா?"

"பிரிஞ்சு நிக்கும். நடுவில எவ்வளவோ இடம் இருக்கும்."

"இந்தப் படம் ஒரு இடத்தில நிண்டு பார்த்தது. எனக்கு பஸ்ஸில போய்ப் பார்க்கோணும். யாழ்ப்பாணத்தில ஒரு இயந்திரம் இருக்கு. அது தலையைச் சுத்திவந்து எல்லாப் பக்கத்தாலயும் படம் எடுக்கும். கொம்பியூட்டர் அதுகளைச் சேர்த்து உங்கட தாடையை முழுசா, ஆழத்தோட காட்டும்."

"அப்ப கோபுரம் பிரிஞ்சு தெரியுமா?"

"பிரிஞ்சிருந்தாப் பிரிஞ்சு தெரியும். ஒட்டியிருந்தா ஒட்டித்தான் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. பாதி விறைத்த உதட்டோடு சிரிப்பதும் கஷ்டம்.

இந்த முப்பரிமாணப் படத்தை எல்லோருக்கும் எடுப்பது எனக்குப் பிடிக்காது. இப்போது படித்து வருகிற பிள்ளைகள் சிலர் காய்ச்சலுக்குப் பனடோல் எழுதுகிற மாதிரி இதை எழுதுகிறார்கள். கதிர் கதிர்தான், தட்டைப் படத்தைவிட இதில் அதிகம். பதில் மாறப்போகிற கேள்வி இருந்தால் மட்டும்தான் எடுக்க வேண்டும். இங்கே கேள்வி இருந்தது.

ஃபே

"ஒண்டு கேக்கிறன் மௌலவி," என்றேன். "உதட்டில பாதி உணர்ச்சி இல்லாமல் கன பேர் இருக்கினம். சாப்பிடுவினம், கதைப்பினம். அந்த நரம்பு உதட்டை அசைக்கிற நரம்பு இல்லை. தெரியவைக்கிற நரம்பு மட்டும்தான். உங்களுக்கு ஏன் இவ்வளவு யோசனை?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஓதுறதில ஒவ்வொரு எழுத்துக்கும் பிறக்கிற இடம் ஒண்டு இருக்கு டொக்டர். மக்ரஜ் எண்டு சொல்லுவம். சிலது தொண்டைக்க பிறக்கும். சிலது நாக்கு நுனியில. ஃபே எண்டு ஒரு எழுத்து. அதுக்கு மேல்வாய் முன்பல்லுட நுனி, கீழ் உதட்டுட உள்பக்கம் ஈரமா இருக்கே, அதில படணும். வெளியில பட்டா அது வேற. ரெண்டு உதடும் பட்டா அது பே ஆகிடும்."

"இப்ப சொல்லிப் பாருங்கோ."

சொன்னார்.

"எனக்குச் சரியாத்தானே கேக்குது."

"உங்களுக்குக் கேக்கும்," என்றார். "எனக்குப் படணும். வாங்கில இருந்து ஓதிப் பார்த்தன். சத்தம் வருது. எங்க பட்டு வருது எண்டு எனக்குத் தெரியல்ல. எனக்கே தெரியாம, பின்னால நிக்கிற இத்தன பேருக்கு நான் எப்பிடி ஓதுற?"

பிறகு தனக்குத்தானே சொல்கிற மாதிரிச் சொன்னார். "ஒவ்வொரு தொழுகையிலயும் கட்டாயமா ஓதுற சின்ன சூராவில, ஏழு வசனம்தான், ஃபே இல்ல. அதால என்ட தொழுகைக்கு ஒரு குறையும் வராது. நான் பின்வரிசையில நிண்டு தொழலாம். முன்னுக்கு நிக்கேலாது, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்ன விதத்தில், அது எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் தமிழில் அந்த எழுத்தே கிடையாது. ஆய்த எழுத்தைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தி ஒப்பேற்றுகிறோம். பேசாலையில் நாங்கள் சின்ன வயதில் இருந்து சுவாமியாரைப் 'பாதர், பாதர்' என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தோம். உதடு பல்லைத் தொட்டதே இல்லை. பாதரும் திரும்பிப் பார்த்தார், பாவமும் மன்னித்தார். இதைச் சொன்னேன். அப்போதுதான் மௌலவி சிரித்தார், ஒரு பக்கத்தால்.

பாண் வெட்டுவதுபோல

அவரும் பௌசியாவும் வெள்ளாங்குளம் தாண்டி, பூநகரிப் பாதையால் யாழ்ப்பாணம் போய் வந்தார்கள். இயந்திரத்தைப் பற்றிப் பௌசியாதான் விவரித்தார்.

"நாடியை ஒரு தட்டில வெச்சு, ஒரு சின்னக் குச்சியக் கடிக்கச் சொன்னாங்க. பிறகு அது தலையைச் சுத்திப் போச்சு. ஒரு சுத்துத்தான். இவர் மூச்சே விடல்ல டொக்டர். நான் கண்ணாடிக்கு வெளிய நிண்டு, எனக்கு மூச்சு முட்டிச்சு."

அவர்கள் கொண்டுவந்த சீடித் தட்டை என் மடிக்கணினியில் போட்டேன். இருவரும் இரண்டு பக்கமும் கதிரையை இழுத்துக்கொண்டு இருந்தார்கள். அந்தப் படத்தை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. ஒரு இறாத்தல் பேக்கரிப் பாணைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டாகப் பார்ப்பதுபோல, தாடையை மேலிருந்து கீழாக, மெல்லிய துண்டுகளாகப் பார்க்க வேண்டும். மௌசின் சில்லை உருட்டினால் அடுத்த துண்டு வரும்.

"இந்த வெள்ளைதான் பல்லு. இந்தக் கறுத்தப் புள்ளி நரம்பு போற வழி."

"நரம்பு தெரியாதா?"

"தெரியாது. எலும்புக்குள்ள அது போற ஓட்டைதான் தெரியும்."

உருட்டினேன். பல்லின் தலை முடிந்து வேர் இரண்டாகப் பிரிந்தது. கறுத்த புள்ளி ஒரு வேரின் ஓரமாக வந்தது. அடுத்த துண்டில் இன்னும் நெருங்கியது. அடுத்ததில் இரண்டு வேருக்கும் நடுவில் நின்றது. நான் கையை எடுத்துவிட்டேன். அதற்கு மேல் உருட்ட எனக்கு மனம் வரவில்லை. என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"உருட்டுங்க டொக்டர்," என்றார் மௌலவி.

இன்னும் கீழே, இரண்டு வேரும் உள்ளுக்கு வளைந்து ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன. வாளியின் கைப்பிடியை விரல் மடக்கிப் பிடித்தால் எப்படியோ, அப்படி அந்தப் பல் நரம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பூட்டிட்டு இருக்கு," என்றார் அவர்.

ஓம். பூட்டித்தான் இருந்தது. அந்தப் பல்லை வழக்கம்போல நெம்பி எடுத்திருந்தால், நரம்பு அதோடு மேலே வந்திருக்கும். விறைக்கலாம் என்பதல்ல, விறைத்தே இருக்கும். தட்டைப் படத்தை மட்டும் பார்த்து யாராவது ஒரு துணிச்சல்காரர் செய்திருந்தால்?

பௌசியா எழுந்து நின்றார். "அப்ப விட்டுடுவம். வேணாம் டொக்டர். மருந்தக் குடிச்சுக் குடிச்சு இருப்பம்."

அதற்கும் அந்தப் படம் இடம் தரவில்லை. ஞானப்பல் முட்டிக்கொண்டிருந்த இடத்தில், முன்பக்கத்துப் பல்லின் முதுகு அரிபட்டிருந்தது. தட்டைப் படத்தில் இரண்டு பல்லும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அதை மறைத்திருந்தன. விட்டால் அந்த நல்ல பல்லும் போகும், வீக்கமும் வரும். நோன்புக்குள் வந்தால் பகலில் மருந்தும் குடிக்க முடியாது.

எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

தலை மட்டும்

யாழ்ப்பாணத்தில் வாய், தாடைச் சத்திரசிகிச்சை செய்கிற குமரன் என்னோடு படித்தவன். படத்தை அவனுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் எடுத்தேன்.

"நல்ல காலம், நீ கைவைக்கேல்லை," என்றான்.

"நான் வைக்கிறதா இருக்கேல்லை."

"தெரியும். நீ படிக்கேக்கயே தவளைக்குப் பயந்தவள்."

பிறகு விஷயத்துக்கு வந்தான். பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுப்பது. வேரைத் தொடாமல், அசைக்காமல், எலும்புக்குள்ளேயே விடுவது. வீங்குவதும் முட்டுவதும் தலைதானே. நரம்பைப் பிடித்திருப்பது வேர். இந்த வேரில் சீழ் இல்லை, படத்தில் சுத்தமாக இருக்கிறது, அதனால் விடலாம். எந்த இடத்தில் வெட்ட வேண்டும், நரம்புக்கும் வெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதையெல்லாம் கத்தி எடுப்பதற்கு முன்பே திரையில் அளந்து வைத்துவிட்டான். நாங்கள் படித்த காலத்தில் இதெல்லாம் வாயைத் திறந்த பிறகு தடவித் தெரிந்துகொள்கிற விஷயம்.

மௌலவிக்குச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி நியாயமானது. "பாதியை உள்ள விட்டா அழுகாதா?"

"உயிருள்ள வேர், மௌலவி. மேல எலும்பு மூடி வளரும். சில பேருக்குக் காலப்போக்கில அது மெல்ல மேல ஏறி நரம்பை விட்டு விலகும். அப்ப எடுக்கிறதெண்டாலும் லேசு."

"இப்பிடிச் செஞ்சா விறைக்காதா?"

இந்த முறை நான் சொல்லைப் பார்த்துப் பாவித்தேன். "ஊசி விறைப்பு கட்டாயம் வரும், பின்னேரம் போகும். போகாத விறைப்பு வராதெண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். வழமையா எடுக்கிறதை விடச் சரியான குறைவு. அவ்வளவுதான் எனக்குச் சொல்ல ஏலும்."

"இஸ்திகாரா தொழுதிட்டுச் சொல்றன்," என்றார். இரண்டு வழியில் எது நல்லது என்று தெரியாதபோது இறைவனிடம் கேட்டுத் தொழுவது அவர்களுடைய வழக்கம். சரி என்றேன். என் தாயார் இப்படியான நேரத்தில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவார். அதையும் நான் தடுத்ததில்லை.

மறுநாள் பௌசியா தொலைபேசியில் எடுத்தார். "செய்யட்டுமாம்."

பின்னேரம்

சத்திரசிகிச்சை நடந்த நாள் எனக்கு வேலை இல்லை. பேசாலையில் வீட்டில் இருந்தேன். மத்தியானம் குமரன் செய்தி சொன்னான். தலை வந்துவிட்டது, வேர் அசையவில்லை, அளந்தபடி எல்லாம் இருந்தது. "ஆனா உதடு என்ன சொல்லுது எண்டு ஊசி போன பிறகுதான் தெரியும்," என்றான். அதை எனக்குச் சொல்லத் தேவையில்லை.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரை யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அனுப்பியிருக்கிறேன். அனுப்பினால் மறந்துவிடுவது என் பழக்கம். மறக்காவிட்டால் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. அன்றைக்கு முடியவில்லை. வெளியே கருவாடு காயப்போட்டிருந்தவர்கள் வெயில் தாழ்ந்ததும் அள்ளத் தொடங்கியிருந்தார்கள். நான் யன்னலடியில் இருந்து என் கீழ் உதட்டை மேல் பல்லால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்பக்கம், ஈரமான இடம். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த எழுத்தை ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தேன். வந்தது. பயமாக இருந்தது. அவருக்கு வராமல் போனால், நான் காட்டிய வழியால் போய் வராமல் போனதாகிவிடும்.

தொலைபேசி அடித்தது. பௌசியாவின் இலக்கம். ஆனால் பேசியது மௌலவி. வாய்க்குள் பஞ்சு வைத்ததால் குரல் தடித்திருந்தது.

"டொக்டர், ஒரு பிழை செஞ்சிட்டன்."

"என்ன செய்தனீங்கள்?"

"இங்க சொந்தக்கார வீட்ட நிக்கிறம். சுடச்சுடப் பிளேன்ரீ தந்தாங்க. பசி டொக்டர். பஞ்ச எடுத்திட்டு ஒரு வாய் குடிச்சிட்டுத் திரும்ப வெச்சுட்டன். வாய் சுட்டுட்டு."

"சூடா ஒண்டும் குடிக்க வேண்டாம் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான் எல்லோ! விறைச்ச உதட்டில சுட்டா உங்களுக்குத் தெரியாமலே..."

யன்னலடியில் இருந்து எழும்பினேன்.

"எங்க சுட்டது?" என்று கேட்டேன்.

"உதட்டில."

"எந்தப் பக்கம், மௌலவி?"

தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் பௌசியா அழுகிறாவா சிரிக்கிறாவா என்று தெரியவில்லை.

"ரெண்டு பக்கமும்," என்றார். "ரெண்டு பக்கமும் சுடுது டொக்டர்."